கரை கடந்த பின்னும் புயல்: கஜா (2018) பாதிப்புகளும் உள்நாட்டு மாவட்டங்களின் பேரிடர் மேலாண்மையும் – செட்டிநாட்டுப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், கடற்கரை மாவட்டங்களோடு நில்லாமல் புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் முதலிய உள்நாட்டு மாவட்டங்களிலும் பெருஞ்சேதத்தை விளைவித்தது. கடற்கரையில் உயிரிழப்பைத் தடுப்பதில் ஓரளவு வெற்றி கண்ட அரசு நிர்வாகம், புயல் நிலத்தில் நகர்ந்த பின் மின்சாரம், குடிநீர், வாழ்வாதாரம் ஆகியவற்றை மீட்பதில் கடும் இடர்ப்பாட்டைச் சந்தித்தது. எச்சரிக்கை முறை, கட்டடத் தரநிலை, நிவாரண விதிமுறை ஆகிய மூன்றும் கடற்கரையையே மையமாகக் கொண்டு அமைந்திருப்பது இதற்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பிள்ளையார்பட்டியை உள்ளடக்கிய செட்டிநாட்டுப் பகுதியின் நிலவியலும் குடியிருப்பு மரபும் இவ்விளக்கத்திற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கஜா புயல், செட்டிநாடு, பேரிடர் மேலாண்மை, நிவாரண விதிமுறை, தென்னை, கண்மாய், ஊரணி.

முன்னுரை

தமிழில் புயல் என்ற சொல் கடலோடு இணைத்தே எண்ணப்படுகிறது. 1964 டிசம்பர் 22, 23 ஆகிய நாள்களில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 2017 நவம்பர் இறுதியில் குமரி மாவட்ட மீனவர்களைப் பலிகொண்ட ஒக்கிப் புயலும் இவ்வெண்ணத்தை வலுப்படுத்தின. இலக்கிய மரபிலும் இதே நிலையைக் காணலாம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை எடுத்துரைக்கிறது. அழிவு கடலிலிருந்து வரும். கடலைவிட்டு விலகியவர் காப்புப் பெறுவர் என்பதே இச்செய்திகளின் வழி நிலைபெற்ற பொதுக்கருத்து.

செட்டிநாட்டின் தோற்றக் கதையும் இக்கருத்தோடு தொடர்புடையது. நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தைவிட்டு நீங்கிப் பாண்டிய நாட்டின் உட்பகுதியில் குடியேறினர் என்று தம் மரபு வரலாற்றில் கூறுகின்றனர். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது நகரக் கோவில்கள் அக்குடியேற்றத்தின் அடையாளங்களாகப் போற்றப்படுகின்றன. இவற்றுள் கற்பக விநாயகர் குடைவரையால் புகழ்பெற்ற பிள்ளையார்பட்டி, காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. இம்மரபு வரலாற்றின் காலக்கணிப்பு விவாதத்திற்கு உரியது. ஆயினும் கடலுக்கு அஞ்சி உள்நாட்டைத் தேர்ந்த ஒரு சமூக நினைவு அதில் பதிந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

கடலைவிட்டு விலகிய நிலம் புயலிலிருந்தும் விலகிய நிலம் ஆகுமா என்னும் வினாவைக் கஜா எழுப்பியது. இவ்வினாவை நிர்வாக நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கஜாவின் போக்கு

2018 நவம்பர் இரண்டாம் வாரத்தில் வங்கக்கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெற்றபோது, இலங்கை முன்மொழிந்திருந்த கஜா என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. யானையைக் குறிக்கும் இப்பெயர் வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கான முன்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. கடலில் தென்மேற்குத் திசையில் நகர்ந்த இப்புயல், நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. இந்திய வானிலை ஆய்வுத்துறை தன் இறுதி அறிக்கையில் இதனை மிகத் தீவிரப் புயல் என வகைப்படுத்தியது.

பொதுவாக, கரை கடந்த புயல் இரண்டு காரணங்களால் வலுவிழக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து கிடைத்துவந்த ஈரமும் வெப்பமும் நின்றுபோவது முதற்காரணம். நிலத்தின் மேடுபள்ளங்களும் மரங்களும் கட்டடங்களும் தரும் உராய்வு இரண்டாவது காரணம். ஆனால் இவ்வலுவிழப்பு நொடிப்பொழுதில் நிகழ்வதன்று. புயல் விரைந்து நகருமாயின், காற்றின் வேகம் தணியுமுன் அது நெடுந்தொலைவு உள்ளே சென்றுவிடும். கஜாவில் நிகழ்ந்தது இதுவே. மேற்கு நோக்கி விரைந்து நகர்ந்த புயல், தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களின் தென்பகுதியையும் புதுக்கோட்டையையும் கடந்து, அன்று காலைப் பொழுதிலேயே திண்டுக்கல் வட்டாரத்தை எட்டித் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது. பின்னர்க் கேரளத்தைக் கடந்து அரபிக்கடலுக்குள் சென்றது.

காவிரிப் படுகையின் தென்பகுதி மலையோ உயர்மேடோ இல்லாத சமவெளி. எனவே வேதாரண்யத்தில் தொடங்கிப் புதுக்கோட்டை வரை காற்றைத் தடுக்கும் இயற்கை அரண் ஏதுமில்லை. கரை கடந்த இடத்திலிருந்து காரைக்குடி வட்டாரம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும், புயல் பாதையின் தென்புற விளிம்பில் அது அகப்பட்டது.

முன்னெச்சரிக்கையின் வெற்றி

ஒக்கிப் புயலின்போது எச்சரிக்கை உரிய நேரத்தில் மீனவரைச் சென்றடையவில்லை என்ற கடுங்குற்றச்சாட்டு எழுந்திருந்தது. ஓராண்டுக்குள் வந்த கஜாவை எதிர்கொள்ளும்போது நிர்வாகம் அதனை மனத்திற் கொண்டு செயற்பட்டது. மீனவர்கள் கடலுக்குச் செல்வது முன்கூட்டியே தடுக்கப்பட்டது. தாழ்வான பகுதிகளில் வாழ்ந்தோர் புயல் கரை கடக்குமுன் வெளியேற்றப்பட்டனர். 80,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் குழுக்கள் முன்னதாகவே நிறுத்தப்பட்டன. இம்முன்னேற்பாடுகளை எதிர்க்கட்சித் தலைவரும் தொடக்கத்தில் பாராட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்நடவடிக்கைகளுக்குச் சட்ட அடிப்படையாக அமைந்தது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அது தேசிய, மாநில, மாவட்ட நிலைகளில் ஆணையங்களை அமைக்க வழிவகுத்தது. மாவட்ட ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியரே. வருவாய்த்துறையின் கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்னும் படிநிலையே நடைமுறையில் எச்சரிக்கையைக் கொண்டுசெல்லும் வழியாகவும் சேதத்தைக் கணக்கிடும் கருவியாகவும் இயங்குகிறது.

மாநில அரசு மைய அரசிடம் அளித்த கோரிக்கையில் 63 உயிரிழப்புகள் குறிப்பிடப்பட்டன. புயலின் வலிமையையும் மக்கள் நெருக்கத்தையும் 1977ஆம் ஆண்டின் நாகப்பட்டினப் புயலோடு ஒப்பிட்டு நோக்கினால், அன்று நூற்றுக்கணக்கில் நிகழ்ந்த உயிரிழப்பு பெருமளவு குறைந்திருப்பதை உணரலாம். ஆகவே, கஜாவை நிர்வாகத் தோல்வி என ஒரே சொல்லில் முடித்துவிடுதல் பொருந்தாது. வெற்றி எந்த எல்லையில் நின்றது என்பதே ஆராயத்தக்கது.

எச்சரிக்கையின் எல்லை

இந்திய வானிலை ஆய்வுத்துறை புயல் எச்சரிக்கையை நான்கு கட்டங்களில் வெளியிடுகிறது. புயலுக்கு முந்தைய கண்காணிப்பு அறிவிப்பு 72 மணி நேரத்திற்கு முன்னரும், விழிப்பூட்டல் 48 மணி நேரத்திற்கு முன்னரும், எச்சரிக்கை 24 மணி நேரத்திற்கு முன்னரும் வெளியாகின்றன. இம்மூன்றும் கடற்கரை மாவட்டங்களை நோக்கியவை. நான்காவது கட்டம், கரை கடந்த பிறகு புயல் செல்லும் திசையையும் உள்நாட்டில் எதிர்பார்க்கப்படும் கடும் வானிலையையும் குறிக்கும் முன்கணிப்பு ஆகும். இது கரை கடப்பதற்கு ஏறத்தாழ 12 மணி நேரத்திற்கு முன் வெளியிடப்படுகிறது.

இக்கால அளவுகளை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். கடற்கரையில் வாழும் குடும்பத்திற்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. உள்நாட்டில் வாழும் குடும்பத்திற்கு முறையான எச்சரிக்கை அரைநாளுக்கு முன்னரே கிடைக்கிறது. நள்ளிரவில் கரை கடக்கும் புயலாயின் அவ்வரைநாளின் பெரும்பகுதி மாலையிலும் இரவிலும் கழிந்துவிடும். மேலும், 12 மணி நேர முன்கணிப்பைப் பெறும் உள்நாட்டு மாவட்டத்தில் அதனைச் செயலாக மாற்றும் பயிற்சியும் குறைவு. கடற்கரை ஊரில் ஒலிபெருக்கியும் மீனவர் பஞ்சாயத்தும் எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் பழகிய வழிகள். செட்டிநாட்டு ஊர்களில் புயலுக்கென இத்தகைய வழிகள் உருவாகவில்லை. கண்மாய் உடைப்புக்கும் வறட்சிக்குமே அங்குள்ள நிர்வாகம் பழகியுள்ளது.

கட்டடத் தரநிலையிலும் இவ்வெல்லை தெளிவாகப் பதிவாகியுள்ளது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 875, பகுதி 3, 2015) சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், திருச்சிராப்பள்ளிக்கு 47 மீட்டர், மதுரைக்கு 39 மீட்டர் என அடிப்படைக் காற்று வேகங்களை வரையறுக்கிறது. புயலுக்குப் பின்னரும் இயங்கவேண்டிய மருத்துவமனை, தொலைத்தொடர்புக் கோபுரம் போன்றவற்றைக் கூடுதல் வலிமையோடு வடிவமைப்பதற்கு 1.30 என்னும் பெருக்கல் காரணியையும் அது தருகிறது. ஆனால் இக்காரணி கிழக்குக் கடற்கரையிலும் குஜராத் கடற்கரையிலும் 60 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டைக்கு மட்டுமே உரியது. பாக் நீரிணைக் கரையிலிருந்து அளந்தால் பிள்ளையார்பட்டி வட்டாரம் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் விளிம்பிலேயே அமைகிறது. அதற்கு மேற்கே உள்ள சிங்கம்புணரியும் திண்டுக்கல்லும் கோட்டிற்கு வெளியே உள்ளன. பொறியியல் கணிப்பிற்கு ஒரு கோடு தேவை என்பது உண்மை. ஆனால் அக்கோடு நிதி ஒதுக்கீட்டிற்கும் பயிற்சிக்கும் கருவி இருப்பிற்கும் எல்லையாகிவிடும்போது உள்நாடு நிர்வாகத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. உலக வங்கி உதவியுடன் மேற்கொள்ளப்பட்ட கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்கள் புதைவட மின்பாதைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. உள்நாட்டு ஊர்களுக்கு அத்தகைய திட்டம் எதுவும் வகுக்கப்படவில்லை.

மின்சாரமும் குடிநீரும்: பாதிப்பின் சங்கிலி

கஜாவில் மக்களின் துன்பம் புயலடித்த இரவில் தொடங்கி வாரக்கணக்கில் நீண்டது. இதற்கு மின்கட்டமைப்பின் வீழ்ச்சியே முதற்காரணம். வீழ்ந்த, சேதமுற்ற மின்கம்பங்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டியது. துணைமின் நிலையங்களும் மின்மாற்றிகளும் பெருமளவில் பழுதடைந்தன.

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பித் தென்னை, வாழை, பலா, மலர் ஆகியவற்றைப் பயிரிடும் பகுதிகள். அங்கு நிலத்தடி நீர் பல நூறு அடி ஆழத்தில் உள்ளது. அந்நீரை மேலே கொணர மின்மோட்டார் இன்றியமையாதது. மின்சாரம் நின்றவுடன் மேல்நிலைத் தொட்டி வறண்டது, குடிநீர் நின்றது, கால்நடைகளுக்குத் தண்ணீர் இல்லை, எஞ்சிய பயிருக்கும் பாசனம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்ததால் இந்நிலையை வெளியே சொல்லவும் வழியில்லை. மக்கள் பணம் திரட்டி வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து தொட்டிகளை நிரப்பினர். ஆற்றுப்பாசனமும் திறந்த கிணறும் கைப்பம்பும் இருந்த காலத்தில் ஒரு புயல் இவ்வாறு குடிநீரைப் பறித்திருக்க இயலாது. வேளாண்மையின் நவீன வளர்ச்சியே புதியதொரு நலிவையும் உடன் கொணர்ந்தது.

மீட்புப் பணியில் தமிழ்நாடு மின்வாரியத்தின் ஊழியர்களோடு அண்டை மாநிலப் பணியாளர்களும் ஈடுபட்டனர். இடுப்பளவு நீரில் கம்பங்களைத் தோளில் சுமந்து வயல்களைக் கடந்த அவர்களின் உழைப்பு பரவலாகப் பாராட்டப்பட்டது. ஆயினும் நகரம், ஊராட்சி மையம், குக்கிராமம், வேளாண் இணைப்பு என்ற வரிசையிலேயே மின்சாரம் மீண்டதால், வயலின் நடுவே வீடு கட்டி வாழ்வோர் இறுதியில் நின்றனர். அதிகாரிகள் வரவில்லை, குடிநீர் இல்லை என்ற சினம் பல இடங்களில் சாலைமறியலாக வெளிப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டக் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டன. வன்முறை ஏற்கத்தக்கதன்று. எனினும் எச்சரிக்கைப் பணியில் பாராட்டுப் பெற்ற அதே நிர்வாகத்தின்மீது இரண்டே நாளில் இத்தகைய சினம் எழக் காரணம், வெளியேற்றத்திற்கு இருந்த திட்டம் மீட்புக்கு இல்லாமற்போனதே.

நிவாரணக் கணக்கும் மரத்தின் ஆயுளும்

மாநில அரசு உடனடி நிவாரணத்திற்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. மைய அரசிடம் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கோரியது. மைய உள்துறையின் குழு பாதிக்கப்பட்ட பகுதிகளைப் பார்வையிட்டது. அதன்பின் இடைக்கால உதவியாக 353.70 கோடி ரூபாயும், 2018 டிசம்பர் இறுதியில் கூடுதல் உதவியாக 1,146.12 கோடி ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இரண்டையும் கூட்டினால் 1,499.82 கோடி. கோரப்பட்டதில் இது பத்தில் ஒரு பங்கு.

இவ்விடைவெளி அரசியல் விவாதமாகவே பெரிதும் பேசப்பட்டது. ‘தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்’ என்ற கோரிக்கையும் எழுந்தது. ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய அறிவிப்புக்கு இடமில்லை; கடுந்தன்மை வாய்ந்த பேரிடர் என்னும் நிர்வாக வகைப்பாடு மட்டுமே நடைமுறையில் உள்ளது. இடைவெளியின் வேர் நிவாரண விதிமுறையிலேயே அமைந்துள்ளது. மாநிலம் இழப்பின் முழு மதிப்பைக் கணக்கிட்டுக் கேட்கிறது. மையம் பேரிடர் நிதியின் விதிமுறை அனுமதிக்கும் தொகையை மட்டும் கணக்கிட்டுத் தருகிறது. இவ்விரு கணக்குகளும் வெவ்வேறு பொருள்களை அளப்பவை.

தென்னையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 2015–2020 காலத்து விதிமுறை, பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 18,000 ரூபாயை இடுபொருள் மானியமாக வரையறுத்தது. எக்டேருக்கு 175 மரங்கள் எனக் கொண்டால் ஒரு மரத்திற்கு ஏறத்தாழ 103 ரூபாய் வருகிறது. இது போதாதென உணர்ந்த மாநில அரசு, மரத்திற்கு 600 ரூபாயும் வீழ்ந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் அறிவித்தது. எக்டேருக்கு 1,92,500 ரூபாய். மையத்தின் விதிமுறையைப் போல இது பத்து மடங்குக்கும் அதிகம். ஆயினும் உழவரின் நோக்கில் இதுவும் குறைவே. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். முழு விளைச்சலைத் தர மேலும் சில ஆண்டுகள் தேவை. நெல்லை இழந்தவர் அடுத்த பருவத்தில் மீள விதைக்கலாம். தென்னையை இழந்தவர் ஒரு தலைமுறையின் வருவாயை இழக்கிறார். பல்லாண்டுப் பயிரின் இழப்பை ஒரு பருவத்தின் இடுபொருள் செலவாக அளக்கும் விதிமுறை, இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. 2022–2026 காலத்திற்கு இத்தொகை 22,500 ரூபாயாக உயர்த்தப்பட்டபோதும் மரத்திற்கு 129 ரூபாயைத் தாண்டவில்லை.

வீழ்ந்த மரங்களை விரைந்து அகற்றாமை வேறொரு கேட்டையும் விளைவிக்கும். அழுகும் தென்னந்தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகும். புயலுக்குத் தப்பிய மரங்களையும் புதிதாக நட்ட கன்றுகளையும் அது தாக்கும். எனவே அகற்றும் பணி தனியார் செலவாக விடப்படாமல் வட்டார அளவிலான பொதுப்பணியாக நடைபெற வேண்டியது வேளாண் அறிவியல் நோக்கிலும் தேவையாகிறது.

தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் இங்குக் கருதத்தக்கது. நான்கு முதல் பதினைந்து ஆண்டு வரையான மரத்திற்கு 900 ரூபாயும், பதினாறு முதல் அறுபது ஆண்டு வரையான மரத்திற்கு 1,750 ரூபாயும் காப்புத்தொகை. ஆண்டுக் கட்டணம் முறையே 9, 14 ரூபாய். அதிலும் முக்கால் பங்கை வாரியமும் மாநில அரசும் ஏற்க, உழவர் செலுத்த வேண்டியது கால் பங்கே. மரத்திற்கு மூன்றரை ரூபாய் செலுத்தியவர் அரசின் 600 ரூபாயைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெறத்தக்க இத்திட்டம், நிவாரண முறையோடு இணைக்கப்படவேயில்லை. புயலுக்குப் பின் நிகழ்ந்த பொதுவிவாதம் பெரும்பாலும் நிவாரணத் தொகையைச் சுற்றியே அமைந்தது.

கணக்கில் வாராதவர்

நிவாரண விதிமுறை உரிமையாளரை அடிப்படையாகக் கொண்டது. பட்டாவில் பெயருள்ளவரே மரத்திற்கு உரிய தொகையைப் பெறுவார். குத்தகைக்குத் தோப்பு எடுத்தவர், மரமேறுவோர், மட்டை உரிப்போர், கயிறு திரிப்போர் ஆகியோர் இதில் இடம்பெறுவதில்லை. சிவகங்கை மாவட்டச் சிங்கம்புணரி வட்டாரம் தென்னைநார்த் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குக் கயிறு திரிக்கும் பெண்களின் வருவாய், வட்டாரத் தோப்புகளிலும் அண்டை மாவட்டங்களிலும் கிடைக்கும் மட்டையைச் சார்ந்தது. தோப்பு அழிந்தால் அவர்களது வேலையும் அழிகிறது. ஆனால் அவர்களிடம் காட்டுவதற்கு வீழ்ந்த மரம் இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் சேதப் பதிவேட்டில் இவ்விழப்பை எழுதுவதற்குரிய பத்தியும் இல்லை.

வீடுகளைப் பொறுத்தவரை இதற்கு மறுதலையான சிக்கல் ஒன்று செட்டிநாட்டில் உண்டு. 2015–2020 விதிமுறைப்படி, முழுதும் சேதமுற்ற வீட்டிற்குச் சமவெளியில் 95,100 ரூபாய். குறைந்தது 15 விழுக்காடு சேதமுற்ற உறுதியான வீட்டிற்கு 5,200 ரூபாய். குடிசைக்கு 4,100 ரூபாய். பர்மாத் தேக்கும் பல அடுக்கு ஓடும் கொண்ட நகரத்தார் வீட்டில் காற்றால் ஓடுகள் பெயர்ந்தால், சேதம் 15 விழுக்காட்டை எட்டுவது அரிது. அன்றே செப்பனிடாவிட்டால் மழைநீர் உத்திரத்தில் இறங்கித் தேக்கைச் சில பருவங்களில் சிதைத்துவிடும். பல வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. உரிமையாளர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்கின்றனர். எனவே சேதத்தைக் காண்பவரும் இல்லை, கோருபவரும் இல்லை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் உள்ளன. ஆயினும் புயலுக்குப் பின் மரபுக் கட்டடங்களை ஆய்ந்து உடனடிச் செப்பம் செய்யும் ஏற்பாடு மாவட்டப் பேரிடர்த் திட்டத்தின் பொறுப்புகளுள் ஒன்றாக இன்னும் கருதப்படுவதில்லை.

செட்டிநாட்டின் நீர்மரபு தரும் பாடம்

இப்பகுதி வறட்சியை எதிர்நோக்கி வடிவமைக்கப்பட்ட நிலம். உயர்ந்த அடித்தளத்தின்மேல் எழுப்பிய வீடு, நான்கு சரிவுக் கூரையின் நீரை முற்றத்தில் வாங்கிச் சேமிக்கும் அமைப்பு, மிகுநீரைத் தெருவழியே ஊரணிக்குச் செலுத்தும் வாய்க்கால், ஊரணிக்கும் கண்மாய்க்கும் உள்ள தொடர்பு ஆகியன இதன் கூறுகள். வறட்சிக்காக அமைந்த இவ்வமைப்பு பெருமழைக்கும் பயன்தரும். அடித்தளம் வெள்ளத்தைத் தடுக்கும். ஊரணி மிகுநீரை ஏற்கும். மின்சாரமின்றியும் படியிறங்கி நீர் எடுக்கலாம். ஆலங்குடி வட்டாரத்தில் மின்சாரம் நின்றதும் குடிநீர் நின்ற நிலையோடு இதனை ஒப்பிட்டால் ஊரணியின் பேரிடர்ப் பயன் விளங்கும். வரத்துக்கால் அடைபட்டு, கழிவுநீர் கலந்து, பயன்பாட்டிலிருந்து நீங்கிய ஊரணி இப்பயனைத் தராது. ஊரணிச் செப்பத்தைத் தொன்மைப் பாதுகாப்பாக மட்டும் காணாமல் பேரிடர் ஆயத்தமாகவும் கருதி நிதி ஒதுக்கலாம். பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலப் பேரிடர் நிதியில் 20 விழுக்காடு பேரிடர்த் தணிப்புக்கு உரியது. மீட்டமைப்புக்கும் மறுகட்டுமானத்திற்கும் 30 விழுக்காடு தனியே வகுக்கப்பட்டுள்ளது. கஜாவின்போது இல்லாத இவ்வாய்ப்பு இன்று உள்ளது.

தொடரும் படிப்பினை

கஜா ஒரு விதிவிலக்கு எனக் கருதுவதற்கில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரை கடந்த தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தின் பலா, முந்திரித் தோப்புகளை அழித்தபோதே பல்லாண்டுப் பயிரின் சிக்கல் வெளிப்பட்டது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், உள்நாட்டில் மெல்ல நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழையைக் கொட்டியது. திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். கஜா விரைந்து சென்று காற்றால் அழித்தது. ஃபெஞ்சல் மெல்லச் சென்று மழையால் அழித்தது. கரை கடந்தபின் புயல் விரைந்தாலும் மெலிந்தாலும் உள்நாட்டுக்கு அபாயம் உண்டு என்பதை இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

கடற்கரையில் உயிர்காக்கும் எச்சரிக்கை முறை தமிழகத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளது. அம்முறையின் நான்காவது கட்டமாகிய உள்நாட்டு முன்கணிப்பு, காலத்தாலும் கொண்டுசெல்லும் வழியாலும் போதுமானதாக இல்லை. விழிப்பூட்டல் கட்டத்திலேயே புயல் பாதையில் அமையும் உள்நாட்டு வட்டங்களின் பெயர்களையும் குறிப்பிடுதல் வேண்டும்.

மின்சாரம் வீழ்ந்தால் குடிநீர் வீழும் என்னும் சங்கிலியை அறுப்பது உள்நாட்டு மீட்பின் முதற்பணி. ஊராட்சிதோறும் ஜெனரேட்டர் ஏற்பாடும், ஊரணி, திறந்த கிணறு ஆகியவற்றின் செப்பமும் இதற்கு உதவும்.

பல்லாண்டுப் பயிருக்கான நிவாரணம் மரத்தின் வயதையும் காய்ப்புக்கு வரும் காலத்தையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். மரக் காப்பீடு நிவாரண முறையோடு இணைக்கப்பட வேண்டும். தோப்பைச் சார்ந்து வாழும் கூலித் தொழிலாளர்க்கும் கயிறு திரிப்போர்க்கும் வாழ்வாதார இழப்பு என்னும் தனிவகை தேவை.

செட்டிநாட்டின் மரபு வீடுகளும் நீர்நிலைகளும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும். கண்மாய், ஊரணி வாரியாகவும் ஊர் வாரியாகவும் கஜாவின் சேதப் பதிவுகளைத் தொகுத்து ஆராயும் களப்பணி, இத்துறையில் ஈடுபடும் ஆய்வாளர்கள் அடுத்து மேற்கொள்ளத்தக்கதாகும். கிராம நிர்வாக அலுவலகங்களின் பதிவேடுகளும், புயலை நேரில் கண்டோரின் வாய்மொழியும் மறைவதற்குமுன் இப்பணி தொடங்கப்பட வேண்டும்.